எடுக்காத பூ

ஆறு ரோசாப்பூவையும் கசங்காமல் பதுளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காம்பில் ஈரம் இருந்தால்தான் தாங்கும். இராக்கம்மா முதலில் ஈரச் சாக்கைச் சுற்றிப் பார்த்தாள். சாக்கின் முரட்டு நார் இலையைக் கீறியது. சற்று யோசித்துவிட்டுத் தன் தலைமேல் போட்டிருந்த துணியை உருவி, மலை ஊற்று வழிகிற பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பச்சைப்பிள்ளைக்குச் சுற்றுவதுபோல் காம்புகளுக்குச் சுற்றினாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு நஸீரின் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வெறுந்தலையோடு போகிறோமே என்று அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை. பின்னால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

"ராக்கம்மாக்கா, புள்ளயக் கொண்டு போறாப் போல ஈக்கிது" என்றான் நஸீர், மாட்டை முடுக்கியபடி.

"புள்ளதான். வெயில்ல காயாம, மழையில அழுகாம வளத்திருக்கேன்ல. நீ பள்ளம் பாத்து ஓட்டு."

"மாட்டுக்குச் சொல்லுங்க. அதுக்குத்தான் கண் ஈக்கிது, எனக்குப் பாதித் தூக்கம்."

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு இறங்க வேண்டுமென்றால் துரைமாருக்குக் குதிரை வண்டி, மற்றவர்களுக்கு மாட்டு வண்டி அல்லது கால். அன்றைக்குப் பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் துரைசாணிமார் எல்லாரும் சேர்ந்து பூக்காட்சி வைத்திருந்தார்கள். இராக்கம்மா வேலை செய்யும் தோட்டத்துத் துரைசாணி சிவப்பு ரோசாப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். பேர் துரைசாணியுடையது. பதியன் போட்டதும், புழுப் பொறுக்கியதும், மொட்டில் பாதியைக் கிள்ளி எறிந்து மீதியைப் பெரிதாக்கியதும் இராக்கம்மா.

புருஷன் குளிர்காய்ச்சலில் போய்ப் பதினோரு வருஷம். அப்போது மகள் அங்கம்மாவுக்கு ஆறு வயது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராக்கம்மா, இரண்டு வருஷம் கழித்து முழங்காலில் வாதம் பிடித்து ஏற முடியாமல் போனதும் துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு மாற்றப்பட்டாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் முதலில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பேசினார்கள். "தலைக்கு ஆகாதவ கையிலதான் பூவெல்லாம் பூக்குது பாரேன்." இராக்கம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மாரியம்மனுக்கு மாலை வேண்டுமென்றால் அந்தப் பெண்களே அவளிடம்தான் வருவார்கள். கல்யாணமா, சடங்கா, எல்லாவற்றுக்கும் அவள் பறித்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால் தானே பின்னால் போகும்.

பங்களாவுக்குப் போன பிறகுதான் பூவுக்கு இத்தனை வழக்கு உண்டென்று அவளுக்குத் தெரிந்தது. சமையல்காரர் சியதோரிஸ் அப்பு பௌர்ணமிப் போயா நாளில் பன்சலையில் புத்தர் முன் வைக்க வெள்ளைப்பூ கேட்டு வருவார். ஒருநாள் இவள் ஒரு பூவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். அப்பு பதறிப்போனார். "ஐயோ, மணந்தது வைக்க ஏலாது. நமக்கு மணக்கவா வைக்கிறது? வாடும்தானே, அது பாக்கத்தான் வைக்கிறது. நாமளும் வாடும்தானே."

துரைசாணியிடம் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பூவும் என்ன சொல்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதாம். சிவப்பு ரோசா என்றால் ஆசை. மஞ்சள் ரோசா என்றால் பொறாமை. இராக்கம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மஞ்சள் போய்ப் பொறாமையா? "உங்க ஊர்ல மஞ்சப் பூ என்ன பேசும், ராக்கம்மா?" என்று துரைசாணி பென்சிலோடு கேட்டாள். "பூ எங்கம்மா பேசும்? வைக்கிறவுங்கதான் பேசுவாங்க" என்றாள் இவள். துரைசாணி அதையும் எழுதிக்கொண்டாள். யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காததை இவள் சொல்லவும் இல்லை.

போன மாதம் சீமையிலிருந்து துரைசாணியின் அம்மா வந்து இறங்கினாள். வெடவெடவென்று ஒல்லியாக ஒரு கிழவி. கறுப்பு உடுப்பு, தலையில் தொப்பி, தொப்பியைச் சுற்றி ஊதா நிறத்தில் சின்னச் சின்னத் துணிப்பூ. இராக்கம்மா அப்புவிடம் கேட்டாள்: "பெரிய தொரசாணிக்குப் புருஷன் இருக்காரா?"

"செத்துப் பத்து வருஷம்."

"பொறவு தொப்பியில பூ?"

அப்பு தோளைக் குலுக்கினார். "அது அவங்க தொப்பிதானே."

வண்டி இறக்கத்தில் கடகடத்து இறங்கியபோது அந்த ஊதாப் பூவைப் பற்றி நஸீரிடம் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள்ளயும் அப்பிடித்தான் அக்கா. எங்கட றஷீதா ராத்தாட மாப்புள மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தா. வீட்டுக்குள்ளயே. அது முடிஞ்சா முடிஞ்சிது. இப்ப வேற கலியாணம் முடிச்சி ரெண்டு புள்ள. தல நெறையப் பூ வெப்பா" என்றான்.

"நாலு மாசந்தானா!"

"பத்து நாளையும் சேத்துக்கொள்ளுங்க."

இராக்கம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் வாளியை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். மடியில் ரோசாப்பூ வண்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டினால் பதுளை.

திடலில் பெரிய வெள்ளைக் கூடாரம். உள்ளே மேசை மேசையாகப் பூ. வெள்ளைத் துணி வழியாக இறங்கிய வெயிலில் எல்லா நிறமும் பால் கலந்ததுபோல் தெரிந்தது. ஆறு பூவையும் கண்ணாடிச் சாடியில் நிறுத்திவிட்டு, ஈரத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இராக்கம்மா மேசைக்குப் பின்னால் நின்றாள். எதிர் வரிசையில் அவளுடைய சொந்த அண்ணன் சின்னராசா நின்றிருந்தான். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில்லறைக் கங்காணி. அந்தத் தோட்டத்துத் துரைசாணியின் தொட்டிச் செடிகளைச் சுமந்து வந்திருந்தான். அவன் மகன் அழகையாவுக்குத்தான் அங்கம்மாவைப் பேசியிருந்தார்கள். முறை மாப்பிள்ளை. வருகிற ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். பூ வைத்துவிட்டால் பேச்சு மாறாது. அண்ணன் அங்கிருந்தே, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டான். இவள் தலையசைத்தாள்.

பத்தரை மணிக்கு மூன்று வெள்ளைக்காரர்கள் வந்து ஒவ்வொரு மேசையிலும் குனிந்து நிமிர்ந்தார்கள். இவள் சாடியின் முன்னால் ஒரு நீல அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். துரைசாணி சின்னப்பிள்ளைபோல் கைதட்டினாள். "முதல் பரிசு, ராக்கம்மா! முதல்!" கிழவித் துரைசாணி மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் இராக்கம்மாவைக் காட்டி என்னவோ சொன்னாள். கிழவி மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சாடியிலிருந்து ஒரு ரோசாவை எடுத்தாள். காம்பைப் பாதியில் ஒடித்தாள். இராக்கம்மா விலகுவதற்குள், அந்தக் குளிர்ந்த விரல்கள் அவள் காதுக்கு மேலே, கொண்டையில் பூவைச் செருகிவிட்டிருந்தன.

"எங்க அம்மாக்கும் புருஷன் இல்ல ராக்கம்மா, செத்துப் போச்சு. நான் உன் கதை சொன்னேன். அம்மா சொல்லுது, நமக்கு யாரு பூ குடுக்கும், நாமதான் குடுக்கணும்" என்றாள் துரைசாணி. கிழவி ஒரு தரம் இவள் கன்னத்தைத் தட்டினாள். அம்மாவும் மகளும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

இராக்கம்மா எதிரே பார்த்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். கங்காணி வேலை பார்க்கிறவன். காலையில் பேர் எடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆள் வருகிறானா என்று காத்து நிற்பதுபோல் நின்றான். அவள் கை மேலே போகும், பூவை எடுக்கும் என்று காத்திருந்தான். அவள் கையும் மேலே போனது. பூவைத் தொட்டது. இதழின் ஓரம் விரலில் பட்டது. பிறகு அந்தக் கை இறங்கிச் சாடியை நேராக்கியது. மேசையில் சிந்திய தண்ணீரைக் கக்கத்துத் துணியால் துடைத்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திரும்பி வரும்போது நஸீர் அவள் தலையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பினான். பாலம் போனது. முதல் ஏற்றம், இரண்டாம் ஏற்றம். காற்று அடிக்கும்போதெல்லாம் அந்த வாசம் அவளைச் சுற்றி வந்து போனது. லயத்துக் கூரை கண்ணில் பட்ட வளைவில்தான் பூவை எடுத்துத் துணிக்குள் சுருட்டினாள். அப்போது மூன்று மணி.

துணியை விரித்துப் பார்த்தது அங்கம்மாதான். பார்த்தாள், மறுபடி சுருட்டி வைத்தாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். குடம் வழிந்து ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திடலிலிருந்து குறுக்குப் பாதையில் நடந்து வந்தவர்கள் வாயால், செய்தி வண்டிக்கு முன்னமே லயத்துக்கு வந்திருந்தது.

புதன்கிழமை நஸீர் பசறைச் சந்தைக்கு அரிசி ஏற்றிப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினான். "உங்கட அண்ணன் வீட்டால சொல்லிவிட்டாங்க. ஞாயித்துக்கெழம வருவாங்களாம். பூக்கூடை இல்லாம வருவாங்களாம். பேசணுமாம்." மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சேர்த்துக்கொண்டான்: "என்னட்டக் கேட்டா, நான் மாட்டப் பாத்துக்கொண்டுதான் வந்தன் எண்டு சொல்லுவன். பாலத்துக்கு இஞ்சால ஒண்டுமே காணல்ல."

அன்று சாயங்காலம் அங்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, தாயைப் பார்க்காமல் சொன்னாள்: "தொரசாணி வச்சாங்க, எடுத்தா கோவிச்சுக்குவாங்கன்னு பயந்து நின்னுட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான ஆத்தா. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றாள் இராக்கம்மா.

"மச்சான் எதையும் கேக்க மாட்டாரு. மாமாவுக்கு ஒரு சமாதானம் வேணும். ஆத்தா, சொல்லுவல்ல?"

புகையில்தான் கண் கலங்கியிருக்கிறது என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார்கள். சின்னராசாவும் அவன் பங்காளிகள் இரண்டு பேரும் லயத்து முன்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கூட வந்த இரண்டு பெண்களை அங்கம்மாவோடு உள்ளே விட்டுவிட்டு, சின்னராசாவின் மனைவி ரெங்கம்மா நேரே கொல்லைப்பக்கம் வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். நெற்றி நிறையக் குங்குமம். இராக்கம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத் தலைய நல்லா மூடிக்கிட்டுத்தான் இருக்க. அன்னிக்கு இந்தத் துணி எங்க போச்சு?"

"பூவச் சுத்தியிருந்துச்சு மதினி."

"பூவுக்கு முக்காடு போட்டுட்டு நீ வெறுந்தலையா போனியாக்கும். மகாராணி!" ரெங்கம்மா பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "யாரு வச்சா?"

"பெரிய தொரசாணி."

"அவளும் அறுத்தவளாமே. நல்ல சோடி. சரி, வச்சது யாருன்னு நான் கேக்க வரல. எடுக்காதது யாரு? ஒங்கண்ணன் அன்னையிலேருந்து சோறு திங்கல. எந்தங்கச்சி எல்லார் மத்தியிலயும் பூவோட நின்னா, நின்னான்னு அதையே சொல்லிக்கிட்டு. ஊருக்குள்ள எம்புள்ள எந்த மொகத்தோட நடப்பான்? நீயே சொல்லு. ஏன் எடுக்கல?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மகள் கொடுத்த வார்த்தை. இராக்கம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருந்துச்சு மதினி."

ரெங்கம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"யாரும் மெரட்டல. அவுக வச்சுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல. எடுக்கத்தான் கையத் தூக்குனேன். ஒம்போது வருசமா கையில இருக்குற வாசம் மதினி, அன்னிக்குத் தலையில இருந்துச்சு. கை வரல. லயம் தெரியிற வரைக்கும் வச்சிருந்தேன்."

கூரையிலிருந்து முந்தின நாள் மழை இன்னும் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முன்வாசலில் யாரோ இருமினார்கள். ரெங்கம்மா வெட்டிய பாக்கை எடுத்து, தின்னாமல், விரலுக்குள் உருட்டினாள்.

"ஒனக்குத் தாலி அறுத்தப்போ கடைசிப் பூ நாந்தான கொண்டாந்தேன்" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "பொறந்த வீட்டுப் பூன்னு."

"ஆமா மதினி. செவ்வந்தி."

"கூடக் கனகாம்பரமும் இருந்துச்சு."

"நான் பாக்கல. கண்ணத் தொறக்கல."

"ரெண்டு மொழம். ராத்திரியெல்லாம் ஒக்காந்து கட்டுனேன். விடிஞ்சா ஒனக்குச் சூட்டிப் பாத்துட்டுப் பிச்சு எறியப் போறாளுகன்னு தெரியும். தெரிஞ்சும் எடம் விடாம நெருக்கி நெருக்கிக் கட்டுனேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உடனே பழைய குரல் வந்துவிட்டது. "இந்தா, இப்ப என்கிட்டச் சொன்னத அங்க சொல்லாத. ஒங்கண்ணன் தாங்க மாட்டாரு. பயந்துட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்த. அவரும் அதக் கேக்கத்தான் வந்து ஒக்காந்திருக்காரு."

இராக்கம்மா முன்வாசல் கதவோரம் வந்து நின்றாள். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாக்கின் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே அங்கம்மாவின் வளையல் ஒருதரம் ஒலித்து அடங்கியது.

"பயந்துட்டேண்ணே" என்றாள். "தொரசாணி வச்சத எடுத்தா கோவிச்சுக்குவாங்கன்னு... பயந்துட்டேன்."

சின்னராசாவின் தோள் தளர்ந்தது. "அதான பாத்தேன்! நான் சொல்லல? எந்தங்கச்சியாவது... அது பயந்த புள்ளைங்க. சின்னதுல ஓணானுக்குப் பயப்படும்." பங்காளிகள் சிரித்தார்கள். "வெள்ளக்காரியாச்சே, நானா இருந்தா தொப்பியவே போட்டுக்கிட்டு நின்னுருப்பேன்" என்றான் ஒருவன். சின்னராசாவும் சிரித்தான். இத்தனை நாள் கழித்து அண்ணன் சிரிப்பதைப் பார்க்க இராக்கம்மாவுக்கு நிறைவாக இருந்தது.

"அப்ப இன்னொரு நாள் பாத்துப் பூ வச்சிருவோம்" என்றான் சின்னராசா.

"வந்த நாள விட்டுப்புட்டா?" ரெங்கம்மா பின்னாலிருந்து வந்தாள். "பூவுக்கா பஞ்சம்? இவ போயிப் பறிச்சுக்கிட்டு வரட்டும்."

கூட வந்தவர்களில் மூத்தவள் உள்ளேயிருந்து தயங்கிச் சொன்னாள்: "மொதப் பூவாச்சே ரெங்கம்மா. அறுத்தவ கையாலயா?"

"மத்தத் தோட்டத்து மாரியாத்தாவுக்கு யாரு பறிச்சாளோ எனக்குத் தெரியாது. இந்தத் தோட்டத்து மாரியாத்தாவுக்கு ஒம்போது வருசமா இவதான். ஆத்தாளுக்கு ஆகுது, எம்மருமகளுக்கு ஆகாதா? நீ போடி."

பங்களாவில் துரையும் துரைசாணியும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். வராந்தாவில் கிழவி மட்டும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொப்பி மேசைமேல் கிடந்தது. தொப்பியில்லாத தலை சிறுத்துப்போய், முடி வழியாக மண்டை தெரிய, வேறு யாரோ போல் இருந்தாள். இராக்கம்மா ரோசாச் செடியைக் காட்டிச் சைகையில் கேட்டாள். கிழவி தலையசைத்தாள். பிறகு தன் காதுக்கு மேலே ஒரு விரலை வைத்துக் காட்டி, என்ன ஆயிற்று என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். இராக்கம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். இல்லை என்றும் ஆட்டவில்லை, ஆமாம் என்றும் ஆட்டவில்லை. லேசாகச் சிரித்தாள். கிழவி வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசுக்குப் பூ எடுத்த கணுக்களில் புதுத் துளிர் செம்பு நிறத்தில் முளைத்திருந்தது. அதைத் தொடாமல் பக்கத்துக் கிளைகளில் பறித்தாள். முள்ளைச் சீவினாள். மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அங்கம்மாவைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். இராக்கம்மா பூவை ரெங்கம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பின்கதவுக்கு அப்பால், வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றாள். கதவிடுக்கில் மகளின் பின்னந்தலை தெரிந்தது. ரெங்கம்மாவின் தடித்த விரல்கள் பூவை வைத்து, சரியில்லை என்று எடுத்து, மறுபடி சற்று மேலே வைத்தன. யாரோ குலவையிட்டார்கள். அங்கம்மா தலையைத் திருப்பி எதையோ தேடினாள். "ஆடாத புள்ள" என்று ரெங்கம்மா அவள் முகத்தைப் பிடித்து நேராக்கினாள். கூட வந்த பெண்களுக்கு ஆளுக்கொரு பூ கொடுத்தாள். தன் கொண்டையில் ஒன்று செருகிக்கொண்டாள். பெண்ணுக்கு இன்னும் ஒன்று.

தாம்பாளத்தில் ஒன்று மிஞ்சியது.

ரெங்கம்மா அதைக் கையில் எடுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பெண்கள் அங்கம்மாவைச் சூழ்ந்திருந்தார்கள். ஆண்கள் வெற்றிலையில் இருந்தார்கள். அடுப்பருகே இருந்த செம்பில் அரைவாசி தண்ணீர் மொண்டாள். பின்கதவை முழங்கையால் சற்று நீக்கி, செம்பை வெளியே நிலைப்படியில், இராக்கம்மாவின் காலடிக்குப் பக்கத்தில் வைத்து, பூவை அதில் நிறுத்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கதவை மறுபடி பழையபடி இடுக்களவு சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கூரையிலிருந்து விழுந்த ஒரு சொட்டு செம்புத் தண்ணீரில் பட்டது. பூ மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி, விளிம்பில் சாய்ந்து நின்றது.